முச்சந்திச் சர்க்கரை

குளமாக இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி, மண்ணின் மேல் வீடுகளைக் கட்டி, பக்கத்தில் மலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் குறிஞ்சி நகர் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தக் காலனியில் நாற்பத்திரண்டு வீடுகள் இருந்தன; நாற்பத்திரண்டு வீடுகளிலும் சேர்த்து அறுபத்தொரு பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது; அந்த அறுபத்தொரு பேரில் இனிப்பை நினைத்தே கண்கலங்கக் கூடியவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி தாணுமூர்த்தி ஒருவர்தான். அவருடைய மனைவி கோமளவல்லி ஒரு புரட்டாசி மாதத்து மத்தியானத்தில் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றன, இலைகள் ஒவ்வொன்றாக அவசரமில்லாமல் விழுந்தன, அவள் கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இலையுதிர்காலம் வந்துவிட்டது, இனி உடம்புக்குக் கெடுதல் செய்யாத டோனட்டை நம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றாள். குறிஞ்சி நகரில் அப்போது நூற்றிரண்டு டிகிரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கோமளவல்லி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

டோனட் என்பது மெதுவடையின் உருவமும் பன்னின் மனசும் கொண்ட ஒரு பண்டம். மைதாவைப் பிசைந்து, வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து, எண்ணெயில் பொரித்து, மறுபடியும் சர்க்கரையில் புரட்டி எடுப்பார்கள். உடம்புக்கு நல்ல டோனட் செய்கிறவர்கள் மைதாவை எடுத்துவிட்டுக் கோதுமையும் ஓட்ஸும் போடுகிறார்கள், வெண்ணெயை எடுத்துவிட்டு வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி போடுகிறார்கள், சர்க்கரையை எடுத்துவிட்டு ஆப்பிள் துருவலைப் போடுகிறார்கள், எண்ணெயையும் எடுத்துவிட்டு ஓவனில் சுடுகிறார்கள், இலையுதிர்காலத்துக்காகப் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் சுக்கும் பொடித்துப் போடுகிறார்கள். நடுவில் இருந்ததை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இவ்வளவும் போனபின் மிச்சம் இருப்பதைத்தான் ஆரோக்கியம் என்கிறார்கள்.

கோமளவல்லி முதல்நாள் சுட்டது அப்படித்தான் இருந்தது. தாணுமூர்த்தி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "பிரியாணி வாசத்துல ஒரு வடை செஞ்சிருக்க, கோமு," என்றார். பிறகு கடித்தார். பிறகு, ஆடுகிற சாப்பாட்டு மேஜையின் ஒரு காலுக்குக் கீழே அதை வைத்தார். மேஜை அன்றோடு ஆடுவதை நிறுத்தியது.

இரண்டாம் நாள் அவள் இன்னும் ஒழுங்காகச் செய்ய முடிவெடுத்தாள். ஒன்றை விலக்குவதென்றால் முதலில் அது கண்முன்னால் இருக்க வேண்டும் என்பது கோமளவல்லியின் முறை. சஷ்டி விரதத்தன்றுகூட மூன்று வேளைச் சோற்றையும் அளந்து தனியே வைத்துவிட்டுத்தான் பட்டினி கிடப்பாள். ஆகவே விடிகாலை நாலு மணிக்கு, ஓவன் சூடேறுகிற அளவுக்குக் கரண்ட் ஒழுங்காக வரும் ஒரே நேரம் அதுதான் என்பதால், எழுந்து, குளித்து, பழைய செய்முறையில் உள்ளபடி இரண்டு கப் சர்க்கரை, கால் கிலோ வெண்ணெய், அரைக்கிலோ மைதா என்று அளந்து செய்தித்தாளில் வைத்துவிட்டு, அவை இல்லாத மாவைப் பிசைந்து, சின்ன டம்ளரால் நடுவில் வெட்டித் தட்டில் அடுக்கினாள். அப்போது தாணுமூர்த்தி எழுந்து வந்து வாசற்படியில் நின்று அந்தத் தட்டைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் தட்டே லேசாக நகர்ந்தது என்று கோமளவல்லி பிற்பாடு சொன்னாள். இப்படி ஒரு கண் பட்டால் எந்தப் பண்டம் உருப்படும்? சுற்றிப் போட வேண்டும். உப்பும் மிளகாயும் மேல் தட்டில் இருந்தன, முக்காலி வேறு அறையில் இருந்தது, கையெட்டும் தூரத்தில் இருந்தது அந்தச் செய்தித்தாள் பொட்டலம். அதையே எடுத்து, வலப்புறம் மூன்று சுற்று, இடப்புறம் மூன்று சுற்று டோனட் தட்டைச் சுற்றி, தெருக்கோடிக்கு நடந்து, காலனியின் முதல் தெருவும் இரண்டாம் தெருவும் மெயின் ரோட்டுக்குப் போகும் பாதையோடு கூடுகிற முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து கால் கழுவினாள்.

ஓவனைத் திறந்தபோது வந்த வாசனைக்கு முதல் தெருவில் நான்கு பேர் விழித்துக்கொண்டார்கள்.

தாணுமூர்த்தி ஒன்று சாப்பிட்டார், பிறகு இன்னொன்று, பிறகு எண்ணுவதை நிறுத்திக்கொண்டு சாப்பிட்டார். வெண்ணெய் இல்லாத டோனட் வாயில் வெண்ணெயாகக் கரைந்தது, சர்க்கரை இல்லாத டோனட் தித்தித்தது. கோமளவல்லி பயந்துபோய் இரண்டு மணி நேரம் கழித்து அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. மெஷின் கெட்டுவிட்டதென்று தன் விரலைக் குத்தினாள், அடுத்த வீட்டு மெஷினை வாங்கிக் குத்தினாள், அவருக்கே ஒவ்வொரு விரலாகக் குத்தினாள். பத்து விரலும் ஒரே பதிலைச் சொன்னன.

இதற்கு நடுவில், எப்போதும்போல ஐந்து மணிக்கு, தூய்மைப் பணியாளர் வெயிலுகந்தாள் தள்ளுவண்டியோடும் ஈர்க்குமாற்றோடும் மெயின் ரோட்டிலிருந்து வந்து, முச்சந்தியை முதல் ஆளாகத் தாண்டி, காலனிக்குள் போய்க் கூட்டத் தொடங்கியிருந்தாள். வரும் வழியில் கிடந்த பொட்டலத்தையும் எறும்புகளையும் சேர்த்தே அள்ளி வண்டியில் போட்டாள். அன்று அவளுக்குத் தாகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

கோமளவல்லி செய்முறையை யாருக்கும் ஒளிக்கவில்லை. பத்தே நாளில் நாற்பத்திரண்டு வீடுகளிலும் நாலு மணிக்கு விளக்கு எரிந்தது, நாலே முக்காலுக்கு நாற்பத்திரண்டு பேர் பொட்டலத்தோடு முச்சந்திக்குப் போய் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பார்த்தாலும் பேசாமல், போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் தெரு ஜெயசீலி டீச்சர், சுற்றிப் போடுவதில் நம்பிக்கை இல்லாதவர் என்பதால், ஜெபம் சொல்லிக்கொண்டே சுற்றிப் போட்டார். அவர்தான் ஆராய்ச்சி மனப்பான்மையோடு ஒருநாள் டோனட்டுக்குப் பதிலாக அதிரசத்துக்குப் பொட்டலத்தைச் சுற்றிப் போட்டுப் பார்த்தது. சர்க்கரை ஏறியது. மறுநாள் அதே அதிரசத்தின் நடுவில் கட்டைவிரலால் ஓட்டை போட்டுவிட்டுச் சுற்றினார். ஏறவில்லை. போகிற பொருள் போக ஒரு வழி வேண்டும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்குப்பின் குறிஞ்சி நகரில் லட்டுக்கு ஓட்டை விழுந்தது, மைசூர்பாகுக்கு ஓட்டை விழுந்தது, கேசரியைக் கிண்ணத்தில் கவிழ்த்து நடுவில் கரண்டிக் காம்பால் குத்தினார்கள். அல்வாதான் தொந்தரவு கொடுத்தது, குத்தக் குத்த மூடிக்கொண்டது. அதற்குக் காலனிச் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற பொறியாளருமான ஆவுடையப்பன் பிளாஸ்டிக் குழாயை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. நாம் எவ்வளவு கட்டுப்பாடாக வாழ்கிறோம், அதற்குப் பலன் இருக்காதா என்று பேசிக்கொண்டார்கள். நடைப்பயிற்சி போகிறவர்கள் அதை நிறுத்தினார்கள், மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரையை மீன் தொட்டிக்குள் போட்டார்கள், அறுபத்தொரு பேரும் மெலிந்து, இடுப்பில் நிற்காத வேட்டியையும் பேண்டையும் பெருமையோடு ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று பேசினார்கள். சங்கம் கூடி, இவ்வளவும் இலையுதிர்காலத்தால் வந்தது என்பதால் இலையுதிர்காலத்துக்கு ஒரு விழா எடுப்பதென்று முடிவு செய்தது. காலனியில் இருந்தவை வேப்பமரமும் புங்கமரமும். அவை எந்தக் காலத்தையும் மதிக்காமல் பச்சையாகவே நின்றன. வெயிலுகந்தாளைக் கூப்பிட்டு ஒரு வாரம் இலைகளைக் கூட்டக் கூடாது என்றார்கள், விழுந்தது போதவில்லை. பள்ளிக்கூட மைதானத்து வாதாம் மரத்தின் சிவப்பு இலைகளை நாலு சாக்கு அள்ளிவந்து இரண்டு தெருவிலும் பரப்பச் சொன்னார்கள்.

வெயிலுகந்தாள் சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள். இருபது வருஷமாகக் கூட்டிய தெருவில் குப்பையைப் பார்த்துப் பார்த்து, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று ஆவுடையப்பன் கை காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். எல்லோரும் அதன்மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டார்கள், ஓட்டைப் பண்டங்களைச் சாப்பிட்டார்கள், குளிரவில்லை என்றாலும் மூன்று பேர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆவுடையப்பன் அவளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கூட்டிவிடச் சொன்னார்.

"கொட்டுனதும் நானே, கூட்டுறதும் நானே. இதுல நீங்க என்ன சார் செஞ்சீக?" என்று கேட்டாள் வெயிலுகந்தாள்.

"விழா நடத்துனோம்லா," என்றார் அவர்.

அந்த விழாவின்போதுதான் அவள் வலது கால் பெருவிரலில் ஒரு வாதாம் காம்பு குத்தியது. சின்னக் காயம். மூன்று நாளில் ஆற வேண்டியது ஆறாமல், ஐந்து நாளில் கறுத்து, பத்து நாளில் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு தெருவைக் கூட்டி முடிப்பதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தாள். உடம்போ ஒவ்வொரு நாளும் பெருத்தது. பார்த்தவர்கள், நல்லா இருக்கியே வெயிலு, நம்ம காலனித் தண்ணி உனக்கு ஒத்துக்கிட்டு என்றார்கள். அவள் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். டாக்டர் சீட்டைப் பார்த்தார், நானூற்றுப் பன்னிரண்டு. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலையில் கஞ்சியும் துவையலும், ராத்திரி சோறும் ரசமும் என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க," என்றார். டோனட்டை அவள் கண்ணால் மட்டுமே பார்த்திருந்தாள், ஆகவே அதைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. தீபாவளி கழித்து வரும்போதும் சர்க்கரை இறங்காமல் இருந்தால் பெருவிரலை எடுத்துவிட வேண்டியிருக்கும், விட்டால் கால் போகும் என்று டாக்டர் சொன்னார்.

கூட்டுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் யோசித்துப் பார்த்தால் தெரியும்: குனிந்து கூட்டும்போது உடம்பு முழுவதும் நிற்பது பெருவிரலின் மேல்தான். அது போனால் நிமிர்ந்து நிற்கலாம், ஆனால் நிமிர்ந்து நிற்பதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கப் போவதில்லை.

அவள் லீவு போட்ட அதே காலையில், முச்சந்தியை முதலில் தாண்டியவர் ஆவுடையப்பன். பால் வாங்கப் போனார். திரும்பி வரும்போதே வேட்டியைக் கையால் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது. பத்து மணிக்குச் சட்டைப் பொத்தான்கள் இரண்டு தெறித்தன. மத்தியானம் நாக்கு வறண்டு கட்டிலில் சாய்ந்தவரின் விரலைக் குத்தினால் நானூற்றைம்பது காட்டியது. பொறியாளர் அல்லவா, படுத்துக்கொண்டே கணக்குப் போட்டு முடித்துவிட்டார்: சுற்றிப் போட்டது எங்கேயும் மறைந்துபோவதில்லை, முச்சந்தியில் கிடக்கிறது, முதலில் தாண்டுகிற காலில் மொத்தமும் ஏறுகிறது, அதற்குப்பின் தாண்டுகிறவர்களுக்கு ஒன்றுமில்லை.

மறுநாளே சங்கம் மண்டபத்தில் அவசரமாகக் கூடியது. ஆவுடையப்பன் நடந்ததைச் சொல்லி முடித்தார். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில், வெயிலுகந்தாள் சொல்லாமல் கொள்ளாமல் லீவு எடுப்பதை இனி எப்படித் தடுப்பது என்று கேட்டார்கள்.

தாணுமூர்த்தி மட்டும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "டோனட்டைச் செய்யாம இருந்தா என்ன?" என்றார்.

நல்ல வேடிக்கை என்று நினைத்து மண்டபம் சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். "என்னவே சொல்லுதீரு? உம்ம வீட்டுல இருந்துதானவே இது ஆரம்பிச்சது," என்றார்.

கோமளவல்லி எழுந்து, வெயிலுகந்தாளிடம் ஒரு வார்த்தை சொல்லியாவது செய்யலாமே என்றாள். அதற்கு ஆவுடையப்பன் சொன்ன பதிலை அங்கே இருந்தவர்கள் வெகுநாள் பாராட்டிப் பேசினார்கள். "நல்லா யோசிச்சுப் பாருங்க. நாம வேண்டாம்னு வெளியே போடுறதுக்குப் பேரு என்ன? குப்பை. குப்பையை எடுக்கிறது யார் வேலை? அவ வேலை. இதுல நாம புதுசா என்ன தப்பு செஞ்சிட்டோம்?"

ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது என்று ஜெயசீலி டீச்சர் நினைவூட்டியதால், சங்கம் அவளுக்குச் சில நன்மைகளைச் செய்தது. குடை ஒன்றும் வெந்நீர்க் குடுவை ஒன்றும் வாங்கிக் கொடுத்தது. செருப்பும் வாங்கிக் கொடுக்க நினைத்தது, ஆனால் செருப்பு போட்டால் காலில் ஏறாமல் போய்விடுமோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டு, யாருடைய பழைய செருப்பையோ போடச் சொல்லிப் பார்த்து, போட்டாலும் ஏறுகிறது என்று தெரிந்தபின், வீங்கிய கால் நுழைகிற அளவில் நல்ல செருப்பாகவே வாங்கிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் விரலைக் குத்தி, வந்த எண்ணைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். எண் ஏறிய வாரங்களில், பார்த்தீர்களா, இவ்வளவும் நம் உடம்பில் இருந்திருக்க வேண்டியது என்று ஒருவருக்கொருவர் காட்டி நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். முன் அனுமதி இல்லாமல் அவள் லீவு எடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை ஆவுடையப்பன் அவளை நிற்க வைத்தே வாசித்துக் காட்டினார், ஏனென்றும் விளக்கினார். ஒளிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

வெயிலுகந்தாள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பெருவிரலைப் பார்த்தாள், பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் தாண்டலேன்னா என்ன சார் ஆகும்?"

"தாண்டாம எப்படிம்மா உள்ள வந்து கூட்டுவ?"

"அது சரிதான்," என்றாள் அவள். அன்று மிச்சம் இருந்த தெருவையும் கூட்டி முடித்துவிட்டுத்தான் போனாள்.

ஐப்பசி பிறந்தது, தீபாவளி வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலையில் குறிஞ்சி நகர் சுட்டதுபோல எந்தக் காலனியும் எந்தக் காலத்திலும் சுட்டதில்லை. பூசணி டோனட் மட்டும் ஆயிரத்து இருநூறு என்றார்கள். நாலே முக்காலுக்கு முச்சந்தியில் விழுந்தவை பொட்டலங்கள் அல்ல, சாக்குகள். கோமளவல்லியின் பொட்டலம் அதில் எங்கேயோ அடியில் கிடந்தது. பாதையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை முழங்கால் உயரத்துக்குச் சர்க்கரையும் வெண்ணெயும் மைதாவும் கிடந்தன. காலனிக்குப் பின்னால் குளத்தின் பழைய கரை, அதன்மேல் பத்தடிச் சுவர். வேறு வழி கிடையாது.

ஐந்து மணிக்கு வெயிலுகந்தாள் வந்தாள். மெயின் ரோட்டிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, சர்க்கரைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் கோடு கிழித்ததுபோல நிறுத்தினாள். கூட்டிய குப்பையை வண்டியில் அள்ளினாள். ஈர்க்குமாற்றைத் தட்டி வண்டியில் சாய்த்தாள். வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, வெந்நீர்க் குடுவையைத் திறந்து, வலது காலை மடக்கிய குடையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பால்காரர் வந்து, சர்க்கரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பாக்கெட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். விஷயம் வெளியே பரவியிருந்தது. ஏழு மணிக்குத் துணிமணி எடுக்கக் கிளம்பியவர்கள், ஊருக்கு ரயிலேற வேண்டியவர்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சீயக்காய் மறந்தவர்கள் எல்லோரும் வந்து, சர்க்கரைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். அவ்வளவு மரியாதை அந்தக் காலனியில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பெரியவங்க முன்னால போங்க என்றார்கள் இளையவர்கள். அவசரமா இருக்கிறவங்க முன்னால போங்க என்றார்கள் பெரியவர்கள். அவசரமாக இருந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்றார்கள். காரில் போனால் அது கால் ஆகுமா என்று ஒரு மணி நேரம் விவாதித்து, ஆகாது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள்; வண்டியை யாரும் எடுக்கவில்லை. தெருநாய் ஒன்றைப் பிஸ்கட் காட்டி அழைத்து வந்தார்கள். அது சர்க்கரையை நக்கியது, வெண்ணெயை நக்கியது, அதன் நடுவிலேயே வட்டமாகப் படுத்துக்கொண்டது. பாதைக்கு வெளியே இஸ்திரி போடுகிறவரிடம், அவசரமாக ஒரு பட்டுப்புடவை இருக்கிறது, உள்ளே வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஜெயசீலி டீச்சர் கூப்பிட்டார். எறிஞ்சு விடுங்க டீச்சர், பிடிச்சுக்கிடுதேன் என்றார் அவர்.

கடைசியில் ஆவுடையப்பன் முன்னால் வந்தார். முதலில் தீர்மானத்தை நினைவூட்டினார். வேலை போய்விடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெயிலு, உன்னை நாங்க வேத்தாளா நெனச்சதே இல்ல. நீ எங்க குடும்பத்துல ஒருத்தி."

"அப்பம் இன்னைக்கு ஒருநாள் குடும்பத்துல வேற யாராச்சும் தாண்டட்டும் சார்," என்றாள் வெயிலுகந்தாள்.

பத்து மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. வெளிநாட்டுப் பெண்ணின் ஊரில் இலையுதிர்காலம் எப்படி வருமோ தெரியாது. இந்தப் பக்கத்தில் ஐப்பசியில் அது மழையாகத்தான் வரும். முதலில் காற்று வந்து, இதுவரை யாருக்காகவும் உதிராத வேப்பிலைகளையும் புங்க இலைகளையும் ஒரே உலுக்கில் உதிர்த்தது. அடுத்து மழை இறங்கியது. மெயின் ரோடு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு அடுக்காக உயர்ந்து உயர்ந்து காலனியைவிட மூன்றடி மேலே இருந்தது, காலனி இருந்த இடம் குளமாக இருந்தது, தண்ணீருக்கு அந்த ஞாபகம் போகவில்லை. ரோட்டில் விழுந்த மழை முழுவதும் திரும்பி, முச்சந்திக்கு வந்து, சர்க்கரையைக் கரைத்து, வெண்ணெயை மிதக்கவிட்டு, மைதாவைக் கூழாக்கி, நாயை எழுப்பி விட்டுவிட்டு, இரண்டு தெருவிலும் பிரிந்து, வெள்ளையாக உள்ளே போனது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். அது அவர்கள் பின்னாலேயே போனது. கேட்டைச் சாத்தினார்கள், கேட்டுக்கு அடியில் போனது. வாசலில் சாக்கை அடைத்தார்கள். சாக்கு குடித்துவிட்டு வழிவிட்டது. யாரும் அதைத் தாண்டவில்லை. அது எல்லோரையும் தாண்டியது, யாரும் முதல் இல்லாமல், ஒரே நேரத்தில், நாற்பத்திரண்டு வீட்டிலும். மாடிக்கு ஏறியவர்களுக்காகவும் அது பொறுமையாகக் காத்திருந்தது. மூன்று நாள் வடியவில்லை, தீபாவளிக்குக் கீழே இறங்காமல் எத்தனை பேரால் இருக்க முடியும்?

கோமளவல்லி கட்டிலின்மேல் ஏறி நின்றுகொண்டு, காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க என்று கத்தினாள். தாணுமூர்த்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, படுக்கையறைக்குள் நுழைந்து சுவரோரமாகத் தன்னைத் தேடி வருகிற அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு காலையும், ஆற்றுப் படித்துறையில் வைப்பதுபோல, மெதுவாக அதில் வைத்தார்.

"என்னோடதுதானே கோமு," என்றார். "இத்தனை நாள் அடுத்தவ காலுல கெடந்தது."

கோமளவல்லி கொஞ்ச நேரம் கழித்து இறங்கினாள்.

தீபாவளி கழிந்த முதல் திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் வழக்கத்தைவிட நீளமான வரிசை நின்றது. குறிஞ்சி நகர் முழுவதும் நின்றது. சட்டைகளும் பேண்டுகளும் தையல் விட்டுப் போயிருந்தன. டாக்டர் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கோதுமை, ஓட்ஸ், பூசணி, ஆப்பிள், எண்ணெய்கூட இல்லை, சர்க்கரை ஒரு துளிகூட இல்லை, எல்லாம் வீட்டிலேயே செய்தது என்றார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க," என்றார்.

வெயிலுகந்தாள் கட்டுப் பிரிக்க வந்திருந்தாள். நூற்று நாலு. காயத்தின்மேல் புதுத்தோல் படர்ந்திருந்தது. ஐந்து விரலும் அதனதன் இடத்தில் இருந்தன. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த ஆவுடையப்பன், செருப்புக்குள் நுழையாத வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றி நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள், சுவரோரமாக ஒதுங்கினாள்.

"நீங்க முன்னால போங்க சார்," என்றாள்.